பசை மடிப்புக்கு மேலே

ஊபியில், நான்காம் மாடியில்,
கார் பழுதுபார்க்கும் கடைகளுக்கு மேலே
ஒரு பெட்டியைத் தட்டையாக விரித்து வைத்திருக்கிறேன்.
விரித்த பெட்டி
கழற்றிப் போட்ட சட்டை மாதிரி.
கை எது, கழுத்து எது என்று
கொஞ்ச நேரம் பிடிபடாது.

உள்ளே வரப்போவது
மாவு இருநூற்று நாற்பது கிராம்,
பண்டான் பொடி ஒரு சிறு பை,
நட்சத்திர அச்சு,
ஆறு வயதுக் கைக்கு ஒரு மரக்கரண்டி.
வெண்ணெயும் முட்டையும் வீட்டுக்காரர் பாடு.

நோர்ஹயாத்தி சொன்னார்:
"பேர் கெச்சில். சின்னது என்று அர்த்தம்.
நான்கு மொழியும் வேண்டும்.
பச்சை வேண்டும், மருந்துக்கடைப் பச்சை வேண்டாம்."

பச்சைக்கே மூன்று நாள் போயிற்று.
ஒன்று பற்பசை.
ஒன்று யாருடைய பள்ளிச் சீருடையோ.
கடைசியில் ஈரச்சந்தையில் பண்டான் இலை ஒரு கட்டு வாங்கித்
திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மறுநாள் இலை நிறம் மாறிவிட்டது.
முதல் நாள் பச்சையை வைத்துக்கொண்டேன்.

ஆங்கிலம் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தது.
சீனம் நான்கே எழுத்தில் கால் நீட்டிப் படுத்தது.
மலாய் பக்கவாட்டில், சௌகரியமாக.
தமிழுக்கு மிஞ்சியது
பசை மடிப்புக்கு மேலே பன்னிரண்டு மில்லிமீட்டர்.

மொழிபெயர்ப்பு வந்திருந்தது.
"வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் கலக்கவும்.
பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளவும்."
தண்ணீர்க் கட்டண நினைவூட்டல் போல.
எழுத்தைச் சிறிதாக்கினேன்,
ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
மென்பொருள் ஒருமுறை
'வெ'யைப் பிளந்து போட்டது:
ஒற்றைக்கொம்பு மட்டும் மேல்வரியின் ஓரத்தில்,
பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி.

வேறு வழியின்றி 'வும்'களை வெட்டினேன்.
சலி. குழை. பிசை. உருட்டு. அமுக்கு.
இடம் கிடைத்தது.
அதோடு, நான் எதிர்பார்க்காதது,
பெட்டி குனிந்து
குழந்தையிடம் ஒருமையில் பேசத் தொடங்கிற்று.
'கலக்கு' போயிற்று.
கலக்குவது தேநீரை. வெண்ணெயைக் குழைக்கத்தான் வேண்டும்.

'பெரியவர்' வாக்கியம் மட்டும் எப்படியும் அடங்கவில்லை.
படமாக்கினேன்:
அடுப்பருகே ஒரு வெள்ளை உருவம்.
முகமில்லை. உடுப்பில்லை.
கழிப்பறைக் கதவுப் பொம்மையைவிடவும்
யாருமில்லாத ஒருவர்.

மாதிரிப் பெட்டிகள் ஐந்து, ஐந்து வீடுகளுக்கு.
ஒன்று யீஷூனுக்கு,
வீவக வீட்டின் பதினோராம் மாடி.
நித்திலா, வயது ஆறரை.
அம்மாவுக்கு மருத்துவமனையில் மாலை வேலை,
அப்பா துவாஸிலிருந்து வர மணி ஒன்பதாகும்.
அடுப்பருகே நின்றவர் கின் த்வே.
மியன்மாரிலிருந்து வந்து எட்டு மாதம்.
நான் அடுக்கிய நான்கு மொழிகளில்
ஒன்றும் அவருக்கு வாசிக்க வராது.

அம்மா எழுதியிருந்தார்:
"இவள் வாசித்தாளாம், அவர் கரண்டியைக் காட்டினாராம்.
குழை என்றால் என்னவென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
வெண்ணெய்க்குத் தெரிந்திருக்கிறது.
பதினாறில் நான்கு கருகல்.
ஒன்று நட்சத்திரமே இல்லை, ஏதோ விலங்கு.
அதுதான் முதலில் தீர்ந்தது."

பெட்டி திரும்பி வந்தது.
மூலைகளில் வெண்ணெய் விரல்கள்,
அங்கெல்லாம் பச்சை கொஞ்சம் கருத்து
இரண்டாம் நாள் இலை போல.
பின்பக்கம் திருப்பினேன்.
என் வெள்ளை உருவத்துக்கு
ஊதாப் பேனாவில் கணுக்கால்வரை பூப்போட்ட பாவாடை.
உச்சியில் ஒரு கொண்டை.
கன்னத்துக்கு ஒன்றாக
இரண்டு மஞ்சள் வட்டங்கள்,
கோடு தாண்டி.

நோர்ஹயாத்தியை அழைத்து
கேமராவின் முன் பிடித்துக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"கூடுதலாக எத்தனை நிறம்?"
"இரண்டு."
"ஆயிரம் பெட்டிக்கு?"
விலையைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் கால்குலேட்டர் பொத்தான்கள் தட்டுப்படும் ஒலி.

நான் அதற்குள்
பாவாடையில் எத்தனை பூ என்று
எண்ணத் தொடங்கியிருந்தேன்.